கல்லில் விட்ட இடம்

இந்த வெள்ளைக்கார நாட்டில் சும்மா ஊர் சுற்றுவதற்குக்கூட ஒரு வாரம் முன்பே தாளும் பேனாவும் எடுத்து உட்கார வேண்டியிருக்கிறது. பஸ் எத்தனை மணிக்கு, மழை எத்தனை மணிக்கு, டீக்கடைக்காரன் எத்தனை மணிக்குச் சாத்துவான், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். பத்து வருடத்தில் நானும் அப்படி ஆகிவிட்டேன். போன வருடம் கோயம்புத்தூரிலிருந்து அம்மா வந்திருந்தபோது, பக்கத்திலுள்ள ஒரு பழைய சந்தை ஊருக்கு அவரை அழைத்துப் போக நான் போட்ட பட்டியல் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. ஒன்பது நாற்பதுக்குப் பஸ். பத்தரைக்குச் சந்தை. பதினொன்றரைக்கு மரத் தூண்கள்மேல் நிற்கும் பழைய மண்டபம். பன்னிரண்டேகாலுக்குச் சர்ச் கோயில் கல்லறைத் தோட்டத்தில் சாப்பாடு.

கடைசி வரியை நான் வாசித்ததும் அம்மா காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏங்கண்ணு, கல்லறையில உக்காந்து சோறு திம்பாங்களா?"

"அங்க பெஞ்சு போட்டிருக்காங்கம்மா. அந்த ஊரு டூரிஸ்ட் நோட்டீஸ்லயே எழுதியிருக்குது, அமைதியான எடம்னு."

"அமைதியாத்தான் இருக்கும். பேசற ஆளுக யாரு இருக்காங்க அங்க?"

பிறகு பட்டியலையே தலைகீழாகத் திருப்பினார். கல்லறைக்குப் போய்விட்டு வந்தால் தலைக்குக் குளிக்காமல் கடைக்கோ அடுத்தவர் வீட்டுக்கோ போகக்கூடாது. ஆகவே அது கடைசியில்தான். இறங்குகிற இடமே கோயில் வாசல்தான் என்று நான் சொன்னதற்கு, "சுத்திப் போலாம், காலு இருக்குதில்ல" என்றார். தேதி கேட்டார். நவம்பர் இரண்டு என்றேன். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அறைக்குள் போனார். வேலையில் அன்று எனக்கு விடுமுறை என்பதைத் தவிர அந்தத் தேதியில் எனக்கு எதுவுமே தோன்றவில்லை. இதைவிட வெட்கமான விஷயம் என் வாழ்க்கையில் இல்லை.

அந்தப் பயணத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அப்பா இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. இங்கே ஆறு மாதம், அங்கே ஆறு மாதம் என்று வருடாவருடம் வந்து என்னோடு இருக்க அம்மாவைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அதற்காகத்தான் அவருடைய திரும்பும் டிக்கெட்டையும் ஒரு மாதம் தள்ளிப் போட்டிருந்தேன். அழகான ஊர், கிரீம் தடவிய ஸ்கோன் ரொட்டி, பிறகு பேச்சை எடுப்பது. பட்டியலில் எழுதாத கடைசி வரி அதுதான்.

அப்பாவின் அடக்கத்துக்கு நான் போகவில்லை. விசா புதுப்பிக்கப் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தேன். கெஞ்சியும் நேரத்துக்குக் கைக்கு வரவில்லை. சித்தி மகன் சேவியர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினான். எல்லோரும் குழிக்குள் கைப்பிடி மண் போடுகிற நேரத்தில் படம் உறைந்துவிட்டது. யாருடையது என்று தெரியாத ஒரு கை, நிறைய மண்ணோடு, குழிக்கு மேலே அப்படியே நின்றது. மறுபடி இணைப்பு வந்தபோது எல்லாம் மூடியாகிவிட்டது. அந்தக் கை இன்னும் மண்ணைப் போடவில்லை என்றே எனக்குப் பல நாள் தோன்றும்.

சந்தை ஊர் நோட்டீஸில் இருந்ததுபோலவே இருந்தது. வளைந்த மரச் சட்டம் வைத்த வீடுகள், உருண்டைக் கல் பாவிய தெரு, வரிசையாகத் துணிப் பந்தல் கடைகள். ஆனால் சத்தம் இல்லை. பொள்ளாச்சிச் சந்தைக்கு அரை மைல் முன்பே காதில் இரைச்சல் விழுந்துவிடும். மாடு கத்தும், தரகர் கத்துவார், பஸ்காரன் எல்லோரையும் பார்த்துக் கத்துவான். இங்கே உருளைக்கிழங்கு விற்பவர்கூட ரகசியம் சொல்வதுபோல விலை சொன்னார். "எல்லாரும் எழவு ஊட்டுக்கு வந்தாப்பல பேசறாங்களே" என்று அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு கடையில் மஞ்சள் சாமந்திக் கொத்து இருந்தது. பேரம் பேசாமல் வாங்கினார். அம்மா பேரம் பேசாமல் பூ வாங்கி நான் பார்த்ததில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கல்லறைத் திருநாள். வீட்டில் இறந்தவர்களின் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுத்திரி ஏற்றுகிற நாள். அப்பாவுக்கு அது முதல் வருடம்.

"அம்மா, ஏம்மா சொல்லல? டிக்கெட்டத் தள்ளிப் போட்டப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன்." சிறிது தூரம் நடந்துவிட்டு, "தப்பு செஞ்சுபோட்டே கண்ணு" என்றார். அவ்வளவுதான். மண்டபத்தையும் பார்த்தோம், ஸ்கோனும் தின்றோம். ஆறு மாதப் பேச்சை நான் எடுக்கவில்லை.

மூன்றரைக்குக் கோயிலுக்குப் போனபோது வெளிச்சம் சாம்பல் பூத்திருந்தது. சாய்ந்த கற்கள், பாசி, காலடியில் ஈர இலை. அம்மா தெரிந்த வீட்டுக்குப் போவதுபோல நேராக மதிலோரம் நடந்தார். ஐவி கொடி மூடிய ஒரு கல்லின் முன் நின்று, கொடியை விலக்கி, தண்ணீர் பாட்டிலைச் சரித்து முந்தானையால் துடைத்தார். சாமந்திக் கொத்தை அடியில் வைத்துவிட்டுப் பையிலிருந்து இரண்டு மெழுகுத்திரி எடுத்தார். கோயம்புத்தூரில் வாங்கிப் பெட்டியில் வைத்து வந்தவை. நான் டிக்கெட்டைத் தள்ளிப் போடுவேன் என்று அவருக்கு ஊரிலேயே தெரிந்திருக்கிறது.

"இது யாரு கல்லும்மா?"

"யாரோ. நம்மூர்லயும் ஆளில்லாத கல்லுக்கு ஒண்ணு ஏத்திட்டுத்தான வருவோம்? ஒண்ணு இவருக்கு. ஒண்ணு அப்பாவுக்கு."

காற்று அடித்தது. இலைகள் ஓடின. சுடர் இரண்டும் அசையவில்லை. கல்லின் மறைவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாயோடு வந்த ஒரு முதியவர் நின்றார். உங்கள் குடும்பமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அம்மாவுக்கு ஃபேமிலி என்ற சொல் மட்டும் புரிந்து, "யெஸ், யெஸ், ஃபேமிலி" என்று என்னைக் காட்டினார். முதியவர் தொப்பியைக் கழற்றினார். இத்தனை வருடத்தில் இந்தக் கல்லுக்கு யாருமே வந்ததில்லை, நீங்கள் வந்ததில் மகிழ்ச்சி என்றார். அப்படியில்லை என்று விளக்க வாயெடுத்தேன். அவர் கண் கலங்கியிருந்ததால் விட்டுவிட்டேன். நாய் மட்டும் அந்தக் கல்லருகே வராமல் பாதையிலேயே நின்றது.

அவர் போனதும் அம்மா கல்லின் கீழ்ப்பாதியைத் தடவினார். மேலே ஓர் ஆணின் பெயர். கீழே வழுவழுப்பாக, எழுத்தே வெட்டாமல், ஒரு முழம் வெறும் கல்.

"பொண்டாட்டிக்கு எடம் உட்டிருக்காங்க. அந்தம்மா வரவே இல்ல பாரு." பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அப்பா கல்லுலயும் எனக்கு எடம் உட்டு வெச்சிருக்குது கண்ணு. ஆறு மாசம் அங்க, ஆறு மாசம் இங்கன்னு இருக்கறப்ப, எந்த ஆறு மாசத்துல என்னவோ, ஆரு கண்டா?"

நான் கேட்காத கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அழுதேன். அம்மா அழவிட்டார்.

எழுந்தபோது பழக்கத்தில் நான் கல்லைப் பார்த்து வாயைத் திறந்தேன். அம்மா சட்டென்று என் கையை இழுத்தார். "கல்லறையில வாரேன்னு சொல்லிப்போடாத. சொல்லாம எந்திரிச்சு வந்துரோணும். திரும்பிப் பாக்காத."

பஸ்ஸில்தான் செல்போனைப் பார்த்தேன். சேவியர் ஊரில் அந்தி நேரத்தில், அம்மா இங்கே தீக்குச்சி உரசுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே, ஒரு படம் அனுப்பியிருந்தான். அப்பாவின் கல்லறை. "அக்கா, நான் போறதுக்கு முன்னாடியே யாரோ கழுவி ரெண்டு மெழுகுத்திரி ஏத்தி வெச்சிருக்காங்க. ஆருன்னு தெரியல." மஞ்சள் சாமந்தியும் இருந்தது. பக்கத்துக் கல்லறைக்காரர்களாக இருக்கும். ஊர் முழுக்க அன்று மஞ்சள் சாமந்திதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மாவிடம் காட்டினேன்.

"அங்க முன்னாடியே இருட்டிப்போயிருமில்ல கண்ணு" என்றார், ஆச்சரியமே படாமல். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா திரும்பிப் போனார். மறுபடி வருவதாக இல்லை. இந்த வருடம் நவம்பர் இரண்டில் நான் பட்டியல் எதுவும் போடாமல் அந்த ஊருக்குப் போனேன். குடும்பம் என்று சொல்லியாகிவிட்டதே, வேறு யார் போவது? ஐவி மறுபடி ஏறியிருந்தது. விலக்கித் துடைத்து இரண்டு திரி ஏற்றினேன். அம்மா அப்பாவின் கல்லைக் கழுவிய படத்தை மதியமே அனுப்பியிருந்தார். வெறுமையாக விட்ட பாதி ஈரத்தில் பளபளத்தது. அந்தக் கல்லில் இன்னும் ஒரே ஓர் ஆளுக்குத்தான் இடம். என் முன்னால் இருந்த கல்லிலும் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. குனிந்து கைப்பிடி மண் எடுத்து அதன் அடியில் போட்டேன்.

எழுந்து நடந்தேன். மதில் கதவு வரை வந்துவிட்டேன். என்னை இழுக்க அம்மா பக்கத்தில் இல்லை. திரும்பிப் பார்த்து, "வாரேனுங்க" என்று சொல்லிப்போட்டேன்.