மூச்சக்கா வாங்கிய சான்றிதழ்

ஸ்கேன் அறையில் அவளுக்கு மூச்சக்கா என்றுதான் பெயர். குழாய்க்குள் படுக்கப் பயந்து அலறும் நோயாளியின் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, "மூச்ச மட்டும் கவனிங்க. நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்பாள். எப்பேர்ப்பட்ட முரடனும் பெட்டிப்பாம்பாய் அடங்கிவிடுவான். பதினாறு வருஷமாக இதே வேலை. பதவி என்னவோ உதவியாளர்தான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவளுக்கு வேறென்ன கொடுப்பார்கள்?

மருத்துவமனையில் மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு தொடங்கப்போவதாகப் பேச்சு வந்தது. அலைபாயும் மனதை இந்த நிமிஷத்தில் நிறுத்தப் பழக்கும் வகுப்பு. மேனேஜரே அவளைக் கூப்பிட்டார்: "இந்தப் பயிற்சிக்கு டிகிரி கேக்க மாட்டாங்க. சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டு வாங்கக்கா, டீச்சர் நீங்கதான்."

அந்த ஒரு வார்த்தையை நம்பி இரண்டு வருஷம் நாய்படாத பாடு பட்டாள். ஞாயிறுதோறும் பயிற்சிக்கு ஓட்டம். மற்ற நாட்களில் விடிவதற்குள் எழுந்து சமையலறைத் தரையில் கண்ணை மூடி உட்காருவாள். பஸ் ஓட்டும் புருஷனுக்கு ஒரே சிரிப்பு.

"ஊருக்கே மூச்சு விடச் சொல்லித் தரப் போறாளாம்! நான் கொஞ்சம் சத்தமா மூச்சு விட்டாலே கத்துறவ."

கடைசித் தேர்வுக்கு ஒரு வகுப்பைத் தன் குரலில் பதிவு செய்து அனுப்பவேண்டும். ஸ்கேனுக்குப் பயப்படுகிறவர்களுக்குச் சொல்வதையே பேசி அனுப்பினாள். பாஸ்! மகள் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினாள். மூச்சக்கா பெயர் போட்டு அந்த வீட்டுச் சுவரில் ஏறிய முதல் காகிதம் அதுதான். பெருமை தாங்காமல் அந்தப் பதிவை மேனேஜரிடமும் கொடுத்துவைத்தாள், பைத்தியக்காரி.

வகுப்பு எப்போது என்று கேட்டதும் மேனேஜர் தலையைச் சொறிந்தார். "தப்பா நினைக்காதீங்கக்கா. ஒன்பதாவது படிச்சவங்கன்னா வர்றவங்க மதிக்க மாட்டாங்க. பெரிய டாக்டரோட மருமக எம்.ஏ. சைக்காலஜி. அவங்களே எடுக்கட்டும்."

"டிகிரி வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சர்ட்டிஃபிகேட் வாங்குறதுக்கு டிகிரி வேண்டாம்னுதான் சொன்னேன். கிளாஸ் எடுக்க வேண்டாம்னா சொன்னேன்?"

அந்த மருமகளிடம் சான்றிதழே கிடையாது. அதைக் கேட்க நாதியில்லை.

கொடுமை அதோடு நின்றதா? அவள் பதிவை ஸ்கேன் அறை ஹெட்ஃபோனில் போட்டார்கள். குரலே வேலையைப் பார்க்கும்போது ஆள் எதற்கு? அவளைத் துணி அறைக்குத் தள்ளிவிட்டார்கள். விரிப்பு மூட்டைகளைத் தூக்கித் தூக்கி ஒரே வருஷத்தில் இடுப்பு போயிற்று.

டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதே அறைதான். டெக்னீஷியன் புதியவன், அவளைத் தெரியாது. ஹெட்ஃபோனை மாட்டி, குழாய்க்குள் அனுப்பி, கதவைச் சாத்திக்கொண்டு போனான். குழாய் இத்தனை நெருக்கமாக இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தோன்றியதே இல்லை. இயந்திரம் தடதடவென்று ஆரம்பித்ததும் நெஞ்சு அடைத்தது.

"பயப்படாதீங்க," என்றது அவளுடைய குரல். "நான் பக்கத்துலதான் இருக்கேன்."

கால் கட்டைவிரல் சில்லிட்டுக் கிடந்தது. தொட ஒரு கை இல்லை.

"எவ இருக்கா?" வயிறெரிந்து கத்தினாள். "எவடி இருக்கா இங்க?"

மைக்கில் டெக்னீஷியன் அதட்டினான்: "ஏம்மா, அசையாதீங்க! ஹெட்ஃபோன்ல அந்தக்கா சொல்றத மட்டும் கேளுங்க."