லேத் பட்டறைக்குப் பக்கத்து டியூஷன்

"சேஞ்ச் ஃபார் தி பெட்டர்மா. கொஞ்ச நேரத்துல உள்ள விடுவாங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் ஐ.சி.யூ.வுக்குள் போனார். போச்சம்பள்ளியில் வேலை முடிந்து வரும்போது பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட என் மகனின் கம்பெனிச் சட்டை, ஒரு பையில் என் மடியில் இருந்தது. ரத்தத்தை மீறிக்கொண்டு அதில் மெஷின் எண்ணெய் வாசனை அடித்தது.

ஓசூரில் நான் சிறுமியாகப் படித்த டியூஷன் கொட்டகையிலும் இதே வாசனைதான். இன்று அங்கே கம்பெனி பஸ்கள் நிற்கின்றன. அன்று சுவருக்கு அந்தப் பக்கம் லேத் பட்டறை நாளெல்லாம் இரும்பைச் சீவிக்கொண்டிருக்கும், அந்தச் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமென்று, வீட்டில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற நாங்கள் எல்லோரும் இங்கிலீஷ் பாடத்தை ஒரே ராகத்தில் "ஃபார் தி பெட்டர், ஃபார் தி வர்ஸ்" என்று கத்துவோம், தகரக் கூரை சூடேற ஏற எண்ணெய் வாடை தொண்டைக்குள் இறங்கும், கோடிட்ட இடத்தில் எதைப் போடுவது என்று நான் விழித்தால், மாங்காய் வியாபாரி மகள் ஷமீம் முழங்கையால் இடிப்பாள்.

"மாங்கா வெல ஏறுனா எங்கத்தாவுக்கு பெட்டரு, உங்கம்மாவுக்கு வர்ஸுடி. ஏதோ ஒண்ணு போடு!"

வரிசையே சிரிக்கும்.

நர்ஸ் வந்து கூப்பிட்டாள். "கண்ணத் தொறந்துட்டாரு, வாங்கம்மா."

ஓடினேன். "தம்பி, அம்மா வந்திருக்கேன்டா."

அவன் என்னையே பார்த்தான். பிறகு மெதுவாக நர்ஸ் பக்கம் திரும்பினான்.

"இவங்க யாரு, சிஸ்டர்?"