செபமாலை அண்ணையோடு தீவைச் சுற்றிய சனிக்கிழமை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலணையில் நான் கணிதம் படிப்பிக்கும் வகுப்பறை வாசலில் அருளப்பு வந்து நின்றார். செபமாலை அண்ணையின் படகில் இருபது வருடம் கூடத் தொழில் செய்தவர். கடலுக்குப் போகவேண்டிய நாளில் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு, நெடுந்தீவிலிருந்து முதல் படகு ஏறி, பஸ் பிடித்து வந்திருக்கிறார். "சேர், அண்ணை விடியக்காலமை மோசம் போயிட்டார்" என்றார். சாவுச் செய்தியைக் கேட்டுக் கையிலிருந்த வெண்கட்டியை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

செபமாலை அண்ணை என் மனைவி றெஜினாவின் தமையன். முறைக்கு எனக்கு மச்சான். ஆனால் அப்படிக் கூப்பிட வாய் வரவேயில்லை, கடைசிவரை அண்ணைதான். அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் அவருடைய படகையும் பகிடியையும் பற்றிச் சொல்வீர்கள். நான் ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சமாதானம் என்று சொல்லிக் கரையெல்லாம் கொஞ்சம் திறந்துவிட்டிருந்த காலம் அது. நெடுந்தீவில் நானும் றெஜினாவும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். நான் சரவணை ஊர்க்காரன், தெற்கில் கடை வைத்திருந்த சைவக் குடும்பம். அவர்கள் கிறிஸ்தவ வேதக்காரர், தலைமுறை தலைமுறையாகக் கடற்றொழில். கனடாவில் இருந்த என் ஆட்கள் ரெலிபோனில் ஏசி முடித்துப் பேச்சையே விட்டுவிட்டார்கள். அந்தப் பக்கம் அத்தோடு சரி. றெஜினாவோ, "அண்ணை ஓம் எண்டால்தான்" என்று ஒரே பிடி. தாய் தகப்பன் இல்லாத அவளை வளர்த்தவர் அவர். அவர் மாட்டேன் என்றால் எனக்கு அவள் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

நான் போய்க் கேட்டபோது அவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஒரு கிழிசலைப் பொத்தி முடித்துவிட்டு, "சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லைத்தானே? என்னோடை தீவை ஒருக்காச் சுற்றி நடவும். பிறகு கதைப்பம்" என்றார்.

பலம் பார்க்கிறார் மனிதர் என்று நினைத்தேன். யாழ்ப்பாணம் போய்ப் புதுச் சப்பாத்து வாங்கினேன். எவ்வளவு பெரிய மோடன் நான்!

விடியும்போதே வடக்குக் கரையின் மாவலித்துறையிலிருந்து வெளிக்கிட்டோம். கடல் வலப்பக்கம். மலையும் ஏறினோம்; நெடுந்தீவில் ஏது மலை என்று கேட்பீர்கள். மேற்குக் கரையில் முருகைக்கல், அதாவது பவளப் பாறை, திட்டுத் திட்டாக எழும்பி நிற்கும். அண்ணை அதை "எங்கடை மலை" என்பார். ஏறி நின்றால் ஒரு பக்கம் புல்வெளியில் மட்டக்குதிரைகள், மறுபக்கம் கண் எட்டிய மட்டும் நீலம். பிறந்ததிலிருந்து பார்த்த கடலை அன்றைக்குத்தான் கண்டவர் போல ஒவ்வொரு திட்டிலும் ஏறி நின்று பார்த்தார். போர்க்காலத்தில் பன்னிரண்டு வருடம் இந்தப் பக்கம் கால் வைக்கவில்லை என்று பிறகுதான் சொன்னார்.

கடற்படைக் காவலரண் ஒன்றில் நின்ற பெடியன் எங்களை மறித்தான். எங்கே போகிறீர்கள் என்று கேட்க, தீவைச் சுற்றி என்றார் அண்ணை, தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில். ஏன் என்று கேட்டான். சும்மாதான் என்றார். சும்மா நடக்கிற ஆட்களை அவன் கண்டிருக்கமாட்டான். அடையாள அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடைசியில் அண்ணை என்னைக் காட்டி, தங்கச்சியைக் கேட்டு வந்திருக்கிறார் என்று சொன்னார். பெடியன் என் சப்பாத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு வழி விட்டான்.

கரைவரை வரும் கல் மதில்களை ஏறிக் கடக்கவேண்டியிருந்தது. என் கால் பட்டுக் கல் சரிந்தாலும் நான் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். இரண்டாம் மதிலில் திரும்பிப் பார்க்கிறேன், அண்ணை குந்தியிருந்து ஒவ்வொரு கல்லாகப் பொருத்துகிறார். "ஆடு பூந்தால் ஆரின்ரையோ பயிர் போயிடும், மாஸ்டர்." எனக்கு முகம் சுருங்கிப்போனது. முதல் தவறு என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

மத்தியானம் ஒரு பாறை முனையைத் தண்ணீருக்குள் இறங்கிச் சுற்றவேண்டி வந்தது. சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். முருகைக்கல் வலது பாதத்தைக் கிழித்துவிட்டது. சத்தம் காட்டாமல் கரை ஏறி, அவர் பார்ப்பதற்குள் காலைக் காலுறைக்குள்ளும் சப்பாத்துக்குள்ளும் ஒளித்தேன். றெஜினா கட்டித் தந்த புட்டையும் பொரித்த மீனையும் பனை நிழலில் இருந்து சாப்பிட்டோம். "மச்சம் சாப்பிடுவீர்தானே?" என்று கேட்டார். ஓம் என்றேன். "கால் எப்பிடி?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

பிறகு இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் ஒன்றுமில்லை. மூன்றாந்தரம் கேட்டபோது சிரித்துக்கூடக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. முன்னால் நடந்தார்.

தீவின் தெற்கு முனை தாண்டிக் கிழக்குக் கரையில் ஏறுகிறோம். சப்பாத்துக்குள் இரத்தம் சளசளக்கிறது. இன்னும் கனதூரம் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். றெஜினாவின் முகத்தை நினைத்து நினைத்து ஒரு கட்டைத் தூரம் நடந்திருப்பேன். அதற்கு மேல் முடியவில்லை. ஒரு கல்லில் இருந்துவிட்டேன்.

"அண்ணை, எனக்கு இனி ஏலாது."

சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அதை மறைத்து என்ன. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். அவர் திரும்பி வந்து, குந்தியிருந்து, சப்பாத்தைக் கழற்றி, தன் தலைத்துண்டைக் கிழித்துக் காலைக் கட்டினார்.

"மத்தியானமே சொல்லியிருக்கவேணும். ஆனா சொல்லிப்போட்டீர்" என்றார். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "என்ரை தம்பி ஜோர்ஜ் காய்ச்சலை மறைச்சுக்கொண்டு என்னோடை கடலுக்கு வந்தவன். நான் மூண்டு தரம் கேட்டனான். ஒண்டுமில்லை எண்டான். வலை இழுக்கேக்கை மயங்கி விழுந்தவன்தான், பிறகு எழும்பேல்லை. படகிலை பலசாலி தேவையில்லை, மாஸ்டர். கை சோர்ந்தால் சோர்ந்துபோச்சு எண்டு சொல்லுற ஆள் வேணும். ஏலாது எண்டு சொல்லத் தெரியாதவனுக்கு என்ரை தங்கச்சியைக் குடுக்க எனக்குப் பயம்."

பக்கத்துக் குடிமனைக்குப் போய் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைப் பிடித்து வந்தார். மிச்சத் தீவை அதன் பெட்டியில் குலுங்கிக் குலுங்கித்தான் சுற்றினேன். வீட்டுப் படலையில் நின்ற றெஜினா என் காலைப் பார்த்துத் தமையனோடு சண்டைக்குப் போனாள். அவர் அதைக் காதில் வாங்காமல், "பிள்ளை, ஆள் சரி. உனக்கு விருப்பமோ?" என்றார். அவள் ஓம் என்றாள்.

அந்த வருடமே கலியாணம். சமாதானம் நிலைக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் வீடு நிலைத்தது. நானும் அவளும் எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறோம். ஆனால் இயலாத ஒன்றை இயலும் என்று ஒருவரையொருவர் ஏமாற்றியதில்லை. அண்ணையும் போன மாரியில் என்னைக் கூப்பிட்டு, நெஞ்சு நோகிறது, இனிக் கடலுக்குப் போக ஏலாது என்று கூச்சமில்லாமல் சொன்னார். வைத்தியம் பார்த்தோம். அவரோடு இருக்க எங்களுக்குச் சில மாதங்கள் கிடைத்தன. மறைத்திருந்தால் அதுவும் கிடைத்திராது.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இந்த ஒரு வெட்கமின்மைதான். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து, சனமெல்லாம் கலைந்த பிறகு, றெஜினா என்னிடம் எப்படி இருக்கிறியள் என்று கேட்டாள். அழவேண்டியவள் அவள், தேற்றவேண்டியவன் நான். "தாங்க ஏலாமல் இருக்கப்பா" என்றேன். "எனக்கும்தான்" என்று சொல்லி, ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.