மெரிட் புள்ளியும் டாக்டர் பிரான்க்ளினும்

2018 செப்டம்பர் 3: முனைவர் படிப்புக்குப் பதிவு, 650 ரிங்கிட்.
2018 செப்டம்பர் 9: வீட்டு வாசலுக்குப் பெயர்ப்பலகை, 85 ரிங்கிட்.
2019 முதல் 2023 வரை: பருவக் கட்டணம், 19,400 ரிங்கிட்.
2023 செப்டம்பர் 4: கால நீட்டிப்பு, 800 ரிங்கிட்.
2024 ஏப்ரல் 22: வாய்மொழித் தேர்வுக்குக் கோட்டு, 320 ரிங்கிட்.

இந்தச் செலவுகளில் இரண்டாவதுதான் பிரான்க்ளினை அதிகம் பாடாய்ப்படுத்தியது. பதிவு செய்த ஆறாம் நாளே மலாக்கா, பாயா ரும்புட்டில் உள்ள அவர் வீட்டு வாசலில் ‘டாக்டர் பிரான்க்ளின்’ என்று பித்தளை எழுத்தில் பலகை ஏறிவிட்டது. அன்றைக்கு ஆய்வுக்குத் தலைப்புகூட முடிவாகவில்லை. ஆர்டர் கொடுத்தது மச்சான் ஜூலியஸ்தான் என்று பிரான்க்ளின் எல்லாரிடமும் சொல்லிவந்தார். காசு கொடுத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை.

பலகை ஏறியபின் ஊரை நிறுத்த முடியுமா? கோயில் திருவிழா அறிவிப்பில் டாக்டர், தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பில் டாக்டர், சிம்பாங் அம்பாட்டில் ஒரு கடைத் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியவரும் டாக்டர். முதல் ஆண்டில் “இன்னும் முடிக்கல” என்று திருத்தினார். இரண்டாம் ஆண்டில் சிரித்தார். மூன்றாம் ஆண்டிலிருந்து, சொல்லாமல் விட்டவர்களைத்தான் திரும்பிப் பார்த்தார்.

நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, நாற்பத்தாறு வயதில் மலாக்கா நகருக்கு அருகே ஒரு தனியார் கல்லூரியின் மாணவர் விவகாரப் பிரிவுக்குத் தலைவரானவர் அவர். தலைமைத்துவ முகாம், ரத்த தானம், யோகா, தன்முனைப்புப் பேச்சு என்று வாரத்துக்கு இரண்டு நிகழ்ச்சி நடத்துவார். அரங்கம் எப்போதும் நிறைந்திருக்கும். மாணவர்களுக்குக் கல்லூரியின் மேல் அவ்வளவு ஒட்டுதல் என்பது அவருடைய நம்பிக்கை. ஆய்வும் அதைப் பற்றியதுதான்: கல்லூரி நிகழ்ச்சிகள் மாணவரின் ஒட்டுதலையும் ஆளுமையையும் எப்படி வளர்க்கின்றன?

அரங்கம் நிறைந்ததற்கு இன்னொரு காரணம் இருந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இரண்டு மெரிட் புள்ளி. பருவ முடிவில் போதுமான புள்ளி சேர்த்தவனுக்குத்தான் அடுத்த பருவம் விடுதியில் கட்டில். இந்த முறையை வகுத்தவர் பிரான்க்ளின். ஆகவே, கேள்வித்தாளை நிரப்புவோருக்கும் இரண்டு புள்ளி என்று ஆய்வுக்காக அறிவிப்பு ஒட்டியபோது அவர் எந்தத் தந்திரமும் செய்ததாக நினைக்கவில்லை. புள்ளி இல்லாமல் ஒரு காரியம் நடக்கும் என்றே அவருக்குத் தோன்றியதில்லை. 214 பேர் நிரப்பினார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் ‘கல்லூரி எனக்கு இன்னொரு வீடு’ என்பதற்கு முழு மதிப்பெண்ணான ஐந்தைப் போட்டிருந்தார்கள். அந்த அட்டவணையை அவர் மூன்று வண்ணங்களில் அச்சிட்டு இணைத்தார்.

வாய்மொழித் தேர்வில், பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வண்ண அட்டவணையைப் பார்க்கவில்லை. பின்னிணைப்புக்குப் போய், அந்த அறிவிப்பின் நகலில் விரலை வைத்தார். இந்த இரண்டு புள்ளி இல்லையென்றால் எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று கேட்டார். எல்லாரும் வந்திருப்பார்கள் என்றார் பிரான்க்ளின். அப்படியானால் புள்ளி இல்லாமல் இன்னொரு முறை செய்துகாட்டுங்கள் என்று ஆறு மாதம் கொடுத்தார் அந்த மனிதர். செய்யாவிட்டால் பட்டம் இல்லை.

செய்தியைக் கேட்ட மனைவி ஜெயமேரி சோற்றுத் தட்டை அவர் முன்னால் வைத்தாள்.

“என்னங்க, வாசல்ல உள்ளத கழட்டிடுவமா? இல்ல, அது முன்னால பூச்சட்டி வெச்சி மறைச்சிடவா?”

பிரான்க்ளின் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

ஜூன் மாதம் பெரிய அரங்கத்தில் இருநூறு நாற்காலி போட்டுக் காத்திருந்தார். புள்ளி இல்லை, சாப்பாடும் இல்லை. ஐந்து பேர் வந்தார்கள். இரண்டு பேர் கைப்பேசிக்குச் சார்ஜ் போட வந்தவர்கள். இரண்டு பேர் குளிர்சாதனத்துக்காக. ஐந்தாவதாக வந்தவள் ஷாந்தினி, இரண்டாம் ஆண்டுக் கணக்கியல் மாணவி. விடுதிச் சலவை இயந்திரம் கெட்டுப்போனதைச் சொல்ல வந்தாள்.

மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று அவளிடமே கேட்டார்.

“மெரிட் இல்லன்னா எதுக்கு சார் வரணும்?” என்றாள் அவள், மரியாதையாகத்தான். “நான் தலைமைத்துவ கேம்ப் மூணு தடவ போயிட்டேன். மூணு தடவயும் அதே கயிறு, அதே பலூன். எனக்கு கட்டில் வேணும் சார். சிம்பாங் அம்பாட்டுலேர்ந்து தினம் பஸ் ஏறி வர முடியாதுலா.”

“அப்ப காலேஜ் இன்னொரு வீடுன்னு அஞ்சு போட்டியே?”

“எல்லாத்துக்கும் அஞ்சுதான் சார் போட்டோம். யோசிக்க வேணாம், சீக்கிரம் முடிஞ்சிரும்.”

அலுவலக உதவியாளர் ஹரிதாஸிடம் இதற்கு ஒரு வழி இருந்தது. ஆய்வுக்குப் புள்ளி கொடுக்க வேண்டாம். வந்தவர்களுக்கு வளாகத் துப்புரவு என்ற பெயரில் புள்ளியைப் போட்டுவிடலாம். “யாரு சார் வந்து பாக்கப் போறாங்க?” என்றான். பிரான்க்ளின் ஒரு மத்தியானம் முழுக்க அதை நினைத்துப் பார்த்தார். கடைசியில் வேண்டாம் என்றார். நேர்மையால் என்று எழுத ஆசைதான். ஆனால் முதலில் வந்தது தேர்வாளரின் விரலைப் பற்றிய பயம். நேர்மை பின்னால் வந்து சேர்ந்துகொண்டது.

மாணவர்கள் வராததால் அவரே போனார். கேண்டினில் உட்கார்ந்தார், பேருந்து நிறுத்தத்தில் நின்றார், ஒரேயொரு சலவை இயந்திரம் ஓடும் அறையில் வாளியோடு வரிசையில் காத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தார். முதலில் இன்ஸ்பெக்‌ஷன் என்று பயந்து எழுந்துபோனார்கள். ஒரு மாதம் கழித்துத்தான் பேசினார்கள். இங்கே தங்க வைத்தது எது என்று கேட்டால், யோகாவை ஒருவரும் சொல்லவில்லை. ஒளித்துவைத்த சோற்றுக் குக்கரைச் சொன்னார்கள். நான்கு அறைக்கு ஒரு குக்கர். அரிசி ஒருத்தி, நெத்திலி ஒருத்தி, முட்டை ஒருத்தி. வீட்டு ஞாபகத்தில் அழுதவளைத் தேற்றியதும், தேர்வில் தோற்றவளைத் திரும்பப் படிக்க உட்காரவைத்ததும் அந்தக் குக்கரைச் சுற்றித்தான்.

விடுதியில் சமைக்கக் கூடாது என்பது பிரான்க்ளின் போட்ட விதி. பிடித்துவந்த பதினேழு குக்கர்கள் அவருடைய அலமாரியிலேயே இருந்தன.

அதை அப்படியே எழுதினார். ஒட்டுதல் வளர்வது மாணவர் விவகாரப் பிரிவு தடைசெய்த இடத்தில். அந்தப் பிரிவின் நிகழ்ச்சிகளில் வளர்வது புள்ளி மட்டும். எழுதி முடித்தபோது, ஆறு ஆண்டுகளில் முதல்முறையாகத் தன் ஆய்வேட்டை அவரே ஆர்வமாகப் படித்தார்.

அக்டோபரில் சமர்ப்பிக்கும் முன், கல்லூரி விதிப்படி ஒரு பிரதியை இயக்குநர் இந்திராதேவியிடம் கொடுத்தார். அந்த அம்மாள் மூன்றாம் நாள் கூப்பிட்டனுப்பினார்.

“ரொம்ப நல்லா இருக்கு, பிரான்க்ளின். உங்க ப்ரோக்ராம் எல்லாம் வேஸ்ட்னு நீங்களே நிரூபிச்சிட்டீங்க. அப்ப இந்த டிபார்ட்மெண்ட் எதுக்கு?”

“நான் சொன்னது அது இல்ல, மேடம். பிள்ளைங்ககூட உக்காந்து பேச ஆள் வேணும்னு கடைசியில சொல்லியிருக்கேன்.”

“கடைசி வரைக்கும் போர்டுல யாரு படிப்பாங்க? முடிவுரைய கொஞ்சம் மாத்துங்க. டிபார்ட்மெண்ட் இருக்கும், உங்க பதவியும் இருக்கும்.”

முடிவுரையை மாற்றினால் தேர்வாளர் விடமாட்டார். மாற்றாவிட்டால் நாற்காலி போய்விடும். அந்த வாரந்தான் ஜூலியஸ் தன் மகள் ஷெர்லீனின் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்தார். ‘டாக்டர் பிரான்க்ளின் தம்பதியர் முன்னிலையில்’ என்று தங்க எழுத்தில் ஐந்நூறு பிரதி. நானூறுக்கு மேல் விநியோகமாகிவிட்டது. பத்திரிகையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு வரியும் மாற்றாமல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். நல்ல காரியம் ஒன்றைச் செய்தோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எதற்காகச் செய்தோம் என்பதை ஜெயமேரி தெரிந்துவைத்திருந்தாள். கல்யாணத்தன்று அவருடைய கோட்டின் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

ஜனவரியில் மாணவர் விவகாரப் பிரிவு இல்லாமல்போனது. மெரிட் புள்ளி கைப்பேசிச் செயலிக்குப் போயிற்று. இன்று வரை அங்கே அது நலமாக இருக்கிறது. பிரான்க்ளினைக் கணக்குப் பிரிவின் மூன்றாம் கவுண்டரில், விடுதி வாடகை வாங்க உட்காரவைத்தார்கள். போகும்போது அலமாரியைத் திறந்து பதினேழு குக்கரையும் உரியவர்களிடம் கொடுத்துவிட்டார். அதன் பிறகு, வாடகை கட்டி முடித்தவர்களில் சிலர் அந்தக் கவுண்டரை விட்டு நகராமல் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். வரிசை தேங்குகிறது என்று கணக்குப் பிரிவு இரண்டு முறை புகார் எழுதியது.

அவருக்கு முனைவர் பட்டம் வழங்கப்பட்டதை உறுதிசெய்யும் பல்கலைக்கழகத்தின் கடிதம் பாயா ரும்புட் வீட்டுக்கு வந்து சேர்ந்தது 2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை.