தாமரை மட்டும்

ஆவூரில் பிறந்த ஞானசெல்வி, புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சரித்திரம் நடத்தினாள். வயது இருபத்து மூன்று. தகப்பனார் இழுப்பு நோயில் படுத்துவிட்டதால், அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. ராஜாக்களின் பெயர்களையும் வருஷங்களையும் ஒப்பிக்கவைத்தே அவளுக்கு அலுத்துப்போயிற்று. ஒரு நல்ல சித்திரத்தைக்கூடப் பார்க்காமல் இந்தப் பெண்கள் கல்யாணமாகிப் போய்விடுவார்களே என்ற ஆதங்கம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. 1938 தை மாதம், இரண்டு மாட்டுவண்டி பிடித்துப் பதினான்கு பெண்களைச் சித்தன்னவாசல் குகைக்கு அழைத்துப் போனாள்.

விதானம் முழுக்கத் தாமரைக்குளம். மீன்கள், அன்னங்கள், யானைகள், பூப்பறிக்கும் ஆட்கள். பெண்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்கள்.

“டீச்சர், எருமைகூட நிக்குது!” என்று கத்தினாள் இருளாயி. “எங்க வீட்டு எருமை மாதிரியே மொறைக்குது!”

“ஒங்க எருமைக்கு முப்பாட்டிடி அது. கும்புட்டுக்க,” என்றாள் அழகம்மாள்.

குகையே சிரித்தது. அமிர்தவல்லி மட்டும் சிரிக்கவில்லை. கீழராஜ வீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த ரத்தினவேலின் மகள் அவள். தூணில் தீட்டியிருந்த ஒரு நடனக்காரியின் முன்னால் நின்றவள் அசையவே இல்லை. நடனக்காரியின் ஒரு கை குறுக்கே வீசியிருந்தது. கழுத்து நிறைய நகை. மார்பில் துணி இல்லை.

வழக்கமாகப் பெண்கள் சிலேட்டில்தான் வரைவார்கள். வண்டியின் குலுக்கலில் எல்லாம் அழிந்துவிடும் என்று ஞானசெல்வி தாளும் பென்சிலும் கொண்டுவந்திருந்தாள்.

“கண்ணு பாத்தத அப்படியே வரையணும். எதையும் விட்டுறக் கூடாது,” என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

பதின்மூன்று பேர் தாமரை வரைந்தார்கள். அமிர்தவல்லி நடனக்காரியை வரைந்தாள். இடுப்பின் வளைவையும் விரல்களின் நெளிவையும் பார்த்து ஞானசெல்விக்கு மயிர்க்கூச்செறிந்தது. பள்ளி ஆண்டுவிழாவில் அதைக் கூடத்தின் நடுவில் மாட்டினாள். அந்தக் கூடத்துக்கு யார் யார் வருவார்கள் என்று அவள் யோசிக்கவே இல்லை.

ரத்தினவேல் வீதிக்காரர்களோடு வந்தார். படத்தின் கீழே மகளின் பெயரைப் பார்த்து முதலில் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“என்ன மொதலாளி, வீட்டுல சதங்கை கட்டியாச்சா?”

மறுநாள் காலையில் மகளைக் கையோடு இழுத்துக்கொண்டு தலைமை ஆசிரியையின் அறைக்கு வந்துவிட்டார். “டீச்சரம்மா, எம்பொண்ண நான் படிக்க அனுப்புனேனா, தாசி மாதிரி சதிராட அனுப்புனேனா?”

தலைமை ஆசிரியை ஞானசெல்வியைக் கூப்பிட்டுவிட்டார்.

“இந்தப் படத்த நீதான் வரையச் சொன்னியா? ஆமான்னா இன்னக்கே ஒனக்கு வேலை போயிரும். நல்லா யோசிச்சுச் சொல்லு.”

கதவோரம் அமிர்தவல்லி நின்றாள். அவள் முகத்தில் பயமே இல்லை. டீச்சர் உள்ளதைச் சொல்லிவிடுவார், அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பி நின்றாள். ஞானசெல்விக்கோ தகப்பனாரின் மருந்துப் புட்டி கண்ணில் நின்றது.

“நான் தாமரைய மட்டுந்தான் வரையச் சொன்னேன்,” என்றாள்.

மற்றப் பதின்மூன்று பேரில் ஒருத்தியைக் கேட்டிருந்தால்கூட உண்மை தெரிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. அமிர்தவல்லி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். தலைமை ஆசிரியை சொல்ல, ஞானசெல்வியே தன் கையால் அந்தத் தாளை நான்காகக் கிழித்தாள். வைகாசியில் அமிர்தவல்லியைப் பொன்னமராவதியில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

ஞானசெல்வியின் தகப்பனார் அடுத்த ஆடியிலேயே கண்ணை மூடினார். வேலை மட்டும் நிலைத்தது. அதன்பிறகு அவள் யாரையும் குகைக்கு அழைத்துப் போகவில்லை. பெண்கள் ராஜாக்களின் வருஷங்களை ஒப்பித்தார்கள். தப்பில்லாமல் ஒப்பித்தவளுக்கு நல்ல மார்க் போட்டாள்.

எட்டு வருஷம் கழித்து, ஒரு கல்யாணத்துக்காகப் பொன்னமராவதி போய்விட்டுத் திரும்புகாலில் பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி அருகில் வந்தாள்.

“நல்லா இருக்கீங்களா டீச்சர்?”

அமிர்தவல்லி. ஞானசெல்வி வேறு எதுவும் தோன்றாமல், “இப்பவும் வரையிறியாம்மா?” என்று கேட்டுவிட்டாள்.

“வாசல்ல கோலம் போடுறேன், டீச்சர்.” பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். “தாமரை மட்டுந்தான். நீங்க அன்னக்கிச் சொன்னது பொய்யாப் போயிரக் கூடாதுல்ல?”

அதைச் சொன்னபோது அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். பஸ் வந்தது. இடம் இருந்தும் ஞானசெல்வி உட்காரவில்லை. புதுக்கோட்டை வரை கம்பியைப் பிடித்தபடி நின்றே போனாள்.