நினைவுச் சின்னத்துக்கும் நடத்தை விதி

இன்று வாசலூர்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கினால், ரோட்டோரக் கல் மண்டபத்தின் போர்டைச் சாக்குப் போட்டுக் கட்டியிருக்கிறது.

"பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம்" என்று எழுதிய போர்டு அது. பக்கத்திலேயே சுண்ணாம்பு வாளியோடு ஒருவர். தேர்தலுக்காகச் சுவர் விளம்பரங்களை அழிக்க வந்தவர்.

"ஏனுங்க, இதை எதுக்குங்க மூடினீங்க?"

"எலெக்‌ஷன் வருதுங்களே. எங்கே சின்னம் இருந்தாலும் மறைக்கோணும்னு ஆர்டருங்க."

"இது கட்சிச் சின்னம் இல்லீங்க. பழைய மண்டபத்துல யாரும் கை வெக்கக் கூடாதுன்னு வெச்ச போர்டு."

"போர்டுல சின்னம்னுதானுங்க போட்டிருக்குது."

எழுத்துக்கு எழுத்து சரி.

அதற்குள் அவர் பிரஷ்ஷைச் சுண்ணாம்பில் முக்கிக்கொண்டு, தூணில் செதுக்கியிருந்த மீனை நோக்கிப் போனார். ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

"மீன் எந்தக் கட்சிக்குங்க சின்னம்?"

"இப்போதைக்கு இல்லீங்க. நாளைக்கே சுயேச்சை யாருக்காச்சும் குடுத்துப்போட்டா, அப்புறம் நான்தானுங்க பதில் சொல்லோணும்."

கல்லில் ஏறிய சுண்ணாம்பு போகவே போகாது என்று கெஞ்சினேன். "சரிங்க, உங்களுக்காக" என்று வாளியைக் கீழே வைத்தார். டிபன் சுற்றி வந்த நியூஸ் பேப்பரை விரித்து, மீனின் மேல் வைத்துக் கயிற்றால் கட்டினார்.

மீன் பிழைத்தது.

பேப்பரில் ஒரு தலைவர் முழுப் பக்கத்துக்குக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கீழே கொட்டை எழுத்தில் ஓட்டுக் கேட்டு, அவருடைய சின்னம்.

நான் எதுவும் சொல்லவில்லை. வாளியில் இன்னும் பாதிச் சுண்ணாம்பு இருந்தது. நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?