அப்பாவுக்குப் பசித்திருக்கிறது

அக்கா முதன்முதலில் விழுந்தது மூதூருக்குப் படகு ஏறும் துறையில். அவள் படிப்பித்த பள்ளிக்கூடம் அக்கரையில் இருந்ததால், விடிந்ததும் ஒன்றும் சாப்பிடாமல் புறப்பட்டுவிடுவாள். அன்று அவளை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் இறக்கியவன் நான். உடம்பெல்லாம் வியர்த்து, நாக்குழறி, என் தோளில் சரிந்தாள். "தேப்பனின்ர பழக்கம் பிள்ளைக்கும் வந்திட்டுது" என்று பின்னால் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

அப்பா கடற்தொழிலாளி. நாங்கள் சிறுவராக இருந்தபோது, ஒரு காலை படகிலிருந்து கடலில் விழுந்து இறந்தார். அதற்கு முன்னரும் காலைகளில் அவர் தள்ளாடுவதையும் ஏதேதோ கதைப்பதையும் பலர் கண்டிருந்தார்கள். குடி என்று ஊர் முடிவு கட்டியது. அம்மாவும் அதையே நம்பினார்.

ஆஸ்பத்திரியில் அக்காவின் இரத்தத்தில் சீனி மிகக் குறைந்திருந்தது. ஆனால் அப்போது குறைந்திருக்கவேண்டிய இன்சுலின் கூடிக் கிடந்தது. அந்த முரண்தான் நோயைக் காட்டிக்கொடுத்தது. கணையத்தில், இன்சுலின் சுரக்கும் கலங்களில் கட்டி. நரம்பு நாளமில்லாச் சுரப்புப் புற்றுநோய் என்றார்கள். ஈரலுக்கும் பரவியிருந்தது.

குடும்பத்தில் யாருக்காவது மயக்கமோ சிறுநீரகக் கல்லோ இருந்ததா என்று டொக்டர் கேட்டார். அப்பா கல் வலியில் நிலத்தில் உருண்டதை அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். அக்காவின் இரத்தம் பரம்பரையலகுச் சோதனைக்குக் கொழும்புக்குப் போனது. இப்படிக் கட்டியையும் கல்லையும் உண்டாக்கக்கூடிய ஓர் அலகில் மாற்றம் இருந்தது. அம்மாவிடம் அது இல்லை. அப்படியென்றால் பெரும்பாலும் தகப்பன் வழிதான் என்றார் டொக்டர்.

வார்டில் அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அப்பா குடிக்கேல்லை. அவருக்குப் பசிச்சிருக்கு."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு சொன்னார்: "வெறியில நிக்கிறார் எண்டு நினைச்சு, நான் அந்த மனுசனுக்குச் சோறு போடாம விட்ட நாளும் இருக்கு, பிள்ளை."

மருந்து அக்காவின் மயக்கத்தைக் கொஞ்சக் காலம் தடுத்தது, ஈரலைக் காப்பாற்றவில்லை. கதைக்க ஏலாத நிலையிலும், என்னைச் சோதிக்கச் சொல்லி டொக்டரிடம் சைகை காட்டினாள். என் சோதனை முடிவு வந்தபோது அவள் இல்லை. எனக்கும் அந்த மாற்றம் இருந்தது.

அதன்பின் ஒவ்வொரு வருடமும் இரத்தமும் ஸ்கானும் பார்க்கிறேன். போன வருடம் பயறளவில் ஒரு கட்டி தெரிந்தது. பரவுமுன் எடுத்துவிட்டார்கள். நான் கண் விழித்தபோது அம்மா கட்டிலருகே இருந்தார். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று தாதி சொல்லிப் போன பிறகு, என் தலையைத் தடவியபடி மெல்லச் சொன்னார்:

"உனக்குச் சொல்ல அவள் இருந்தாள். அவளுக்கு முந்தியே சொல்ல ஆரும் இருக்கேல்லையே."